தேங்காய் எண்ணெய் குடித்த டேஷ்போர்டு

வண்டிக்கு வெளிப்பக்கம் எங்கள் வீட்டுக்காரர். உள்பக்கம் நான். சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை எங்களுடையது. அவர் நசுங்கியதைத் தட்டி நிமிர்த்துவார், பெயிண்டு அடிப்பார். நான் சீட்டுத் தைப்பேன். அப்புறம் வெளுத்துப்போன டேஷ்போர்டு, கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஓரத்துப் பட்டை என்று பிளாஸ்டிக் சாமான்களுக்கு நிறம் ஏற்றவும் பழகிக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று வண்டியைக் கெடுத்தேன். நான்காவது சரியாக வந்தது.

உள்பக்கத்தைக் கழற்றினால் வண்டிக்காரருக்கு என்ன தொழில் என்று தெரிந்துவிடும். ஏலக்காய் வியாபாரி வண்டியில் எந்தத் திருகைக் கழற்றினாலும் மணக்கும். வாழைக்காய் ஏற்றுகிறவர் வண்டியில் கறை இருக்கும். அது எதற்கும் போகாது. வைகை அணைக்கு ஆள் ஏற்றுகிற டாக்சி என்றால் சீட்டு இடுக்கில் கடலைத் தோல் ஒரு படி கிடக்கும். சாமி படம் ஒட்டிய இடம் மட்டும் டேஷ்போர்டில் புதுசு மாதிரி இருக்கும். மற்ற இடமெல்லாம் வெயில் தின்றிருக்கும்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை. உத்தமபாளையத்தில் தேங்காய் மண்டி வைத்திருக்கிற பாய் வந்தார். அறுபது வயது இருக்கும். பழைய கார். அவருக்குக் கல்யாணம் ஆன வருசம் வாங்கியது. வெளியே ஒரு கீறல் இல்லை. அவர் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் பின்னாலேயே ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து அவருடைய வீட்டம்மா இறங்கினார்.

எங்கள் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன மதினி, அண்ணன் கார்ல வாராக, நீங்க ஆட்டோல வாரீக? கார்ல எடமில்லையா?"

"எடமா? எடம் நெறையக் கெடக்கு. இந்தா, இதப் பாருப்பா."

அந்தம்மா இன்னும் வெள்ளைத் துப்பட்டி போடுகிறவர். உடம்பு முழுக்கப் போர்த்தியிருந்த துணியின் ஒரு ஓரத்தை இழுத்துக் காட்டினார். முழங்கை படுகிற இடத்தில் கரி இழுவியிருந்தது. துவைத்தும் போகாமல் சாம்பலாக நின்றது.

"போன மாசம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். இந்த வண்டில. கதவுல கைய வச்சது ஒரு குத்தமா? பொண்ணு வீட்டுக்காரக கேக்குறாக, அக்கா, அடுப்படில இருந்து நேரா வாரீகளான்னு."

"அது வண்டி அழுக்கு இல்லம்மா. கல்யாண வீட்டு அழுக்கு," என்றார் பாய்.

"ஆமா. அங்கன எல்லாரும் கரியப் பூசிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாக."

பாய் வண்டிக் கூரையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அந்தம்மா என்னைப் பார்த்துத் திரும்பினார். விசயம் என்னிடம்தான் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது.

"தங்கச்சி, கேட்டுக்க. கட்டப்பனைல என் தங்கச்சி புது வீடு கட்டியிருக்கா. வார ஞாயித்துக்கெழம குடி போறா. சனிக்கெழம சாயங்காலம் நான் வந்து பாப்பேன். கரி ஒட்டலன்னா இந்த வண்டில போறேன். ஒட்டுச்சுன்னா டாக்சிதான். நான் டாக்சில போனேன்னா திங்கக்கெழம இந்த வண்டி என் வீட்டு வாசல்ல நிக்கக் கூடாது. கோம்பைல ஒரு ஆளு கேட்டு வச்சிருக்காரு."

"எதுக்கு மதினி, டாக்சிக்கு ஓட்டவா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"நாய்க்குட்டி ஏத்த. மருதைக்கும் கோயம்புத்தூருக்கும் கோம்பை நாயி கொண்டுபோய் விக்கிறவரு. நாயின்னா கரி ஒட்டுதுன்னு சொல்லாதுல்ல."

சொல்லிவிட்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தார். ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

பாய் அங்கேயே நின்றார். "தாயி, நாய் ஏத்த விட்ராத," என்றார். அவ்வளவுதான்.

நான் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். டேஷ்போர்டில் விரலை வைத்து இழுத்தேன். விரல் கறுத்தது. வெறும் தூசி இப்படிப் பிசுக்காக ஒட்டாது. மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

"அண்ணே, எண்ணெ போடுறீகளா?"

"ஆமா தாயி." அவர் முகம் தெளிந்தது. "வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம. தொழுதுட்டு வந்து வண்டிய வெளிய எடுப்பேன். பஞ்சுல ரெண்டு சொட்டு விட்டு உள்ள பூராம் ஒரு தடவு. நம்ம மண்டிக் கொப்பரைல ஆட்டுன எண்ணெ. கலப்படம் கெடையாது. இத்தன வருசமா ஒரு வெள்ளிக்கெழம விட்டது இல்ல."

எங்கள் பக்கத்தில் இந்தப் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. ஆயுத பூசைக்கு டாக்சிக்காரர்கள் தடவுவார்கள். பொண்ணு பார்க்கப் போகிற அன்று தடவுவார்கள். அரைமணி நேரம் பளபளவென்று இருக்கும். பிறகு ரோட்டில் இருக்கிற தூசி எல்லாம் அதில் வந்து உட்காரும். வெயிலில் வேகும். ஏற்கனவே வெயிலில் பொரிந்த பிளாஸ்டிக் மாவாக உதிரும். மூன்றும் சேர்ந்தால் அடுப்புக் கரிக்கு அண்ணன். வருசத்துக்கு இரண்டு தடவை என்றால் தாங்கும். பாய் வாரா வாரம் ஊட்டியிருக்கிறார்.

"கரி வண்டிது இல்லண்ணே. உங்க எண்ணெதான்."

பாய் வண்டியைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார்.

"நல்ல எண்ணெ தாயி."

"நல்ல எண்ணெதான். இனிமே தொடக் கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னேன்ல தாயி."

அன்றைக்கே கழற்ற ஆரம்பித்தேன். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் விட்டுவிட்டுத்தான் கை வைத்தேன். பழைய பிளாஸ்டிக் குளிர்ந்திருந்தால் விறைப்பாக இருக்கும். இழுத்தால் திருகு மாட்டுகிற காது ஒடியும். சூடேறினால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். எட்டு உருப்படி வந்தது. டேஷ்போர்டின் மேல்பாகம் ஒன்று, அதுதான் பெரிது. மீட்டரைச் சுற்றி வரும் சட்டம். முன்சீட்டில் உட்காருகிறவருக்கு எதிரே சாமான் போட்டு வைக்கிற பெட்டி இருக்குமே, அதன் மூடி. நான்கு கதவுக்கும் நான்கு கைப்பிடி. கியர் பக்கத்துத் தட்டு.

மீட்டர்ச் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெயில் படாது, எண்ணெயும் படாது. வாங்கிய நாள் நிறம் அங்கேதான் இருக்கும். காய்ந்த புளியம்பழ ஓட்டின் நிறம். பாய்க்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உள்ள என்ன கலர்ல வாங்கினீக?"

"கறுப்பு தாயி. வாங்குனப்பவே கறுப்பு."

"இல்லண்ணே. புளியம்பழ ஓடு."

போனுக்குப் பின்னாலிருந்து அந்தம்மா குரல் கேட்டது. "நான்தான் சொன்னேன்ல காப்பிக் கலருன்னு! கரிய அப்பி அப்பிக் கறுப்பாக்கிட்டு, கறுப்பு வண்டி வாங்குனேங்குறாரு."

செவ்வாய்க்கிழமை கழுவினேன். முதலில் சோப்புத்தூள் கரைத்த வெந்நீர், பழைய பல் தேய்க்கும் பிரஷ். கறுப்பாக வழிந்தது. நான்கு வாளி மாற்றினேன். துடைத்துவிட்டுச் சுத்தத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எண்ணெய் போயிருந்தால் தண்ணீர் ஒரே படலமாகப் படிந்து நிற்கும். இருந்தால் முத்து முத்தாகத் திரண்டு ஓடும். முத்து முத்தாக ஓடியது. சேப்பங்கிழங்கு இலையில் விட்ட மாதிரி.

எண்ணெய் மிச்சம் இருந்தால் பெயிண்டு பிடிக்காது. அடித்த உடனே குழி குழியாக விலகிக்கொள்ளும். என் முதல் மூன்று வண்டியும் அப்படித்தான் போனது.

பெயிண்டு கரைக்கிற தின்னர் போட்டால் ஒரு நிமிசத்தில் எண்ணெய் போகும். சில பிளாஸ்டிக்கும் சேர்ந்து போகும். யோசித்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்தால் எதைப் போட்டு எடுக்கிறோம்? வீட்டிலிருந்து சீயக்காய்த் தூளை எடுத்து வந்து கரைத்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, டேஷ்போர்டுக்குத் தீபாவளியா?"

நான் தேய்த்தேன்.

"வெந்நி சூடு பத்துதா பாரு. சாம்பிராணி போடவா?"

"அங்கன தள்ளி நில்லுங்க. தெறிக்கும்."

"முதுகு தேச்சுவிட ஆள் வேணும்னா கூப்புடு."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அன்றைக்குப் பூராவும் அதையே பேசுவார்.

மூன்று முறை சீயக்காய். புதன்கிழமை காலை கடைசியாக ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஒரு துடைப்பு. தண்ணீர் தெளித்தேன். ஒரே படலமாக நின்றது. அப்போதுதான் சோறு இறங்கியது.

புதன்கிழமை முழுக்க உப்புத்தாள் தேய்ப்பு. தண்ணீர் விட்டுத் தேய்க்கிற தாள். வெயிலில் வெந்த மேல் தோல் போகிற வரைக்கும்தான் தேய்க்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக்கில் மாட்டுத் தோல் மாதிரி பொடிப் பொடியாக ஒரு அச்சு இருக்கும். அழுத்தித் தேய்த்தால் அச்சு அழிந்து சிலேட்டு மாதிரி ஆகிவிடும். அழிந்தால் திரும்ப வராது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே தேய்ப்பேன். கண்ணைவிட விரல் சீக்கிரம் சொல்லும்.

இனிமேல் காற்றுதான் எதிரி. ஆனி ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் மேற்கு மலை இடுக்கிலிருந்து ஒரு காற்று இறங்கும். காலையில் கொடி அசையாது. ஒன்பது மணிக்கு மேல் கொட்டகைத் தகரம் படபடக்கும். சாயங்காலம் வரை நிற்காது. திராட்சைத் தோட்டத்துப் பந்தலே ஆடும். அந்த நேரத்தில் பெயிண்டு அடித்தால் பாதி பெயிண்டு, பாதி புழுதி. அதனால் எனக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். விடிந்ததிலிருந்து எட்டரை வரை. கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வியாழன் காலை, பிளாஸ்டிக்கில் பெயிண்டு பிடிப்பதற்கான பிரைமர். வெள்ளி காலை நிறம். சனி காலை அதன் மேலே நிறம் உரியாமல் காக்கிற லேக்கர். மத்தியானம் மாட்டிவிடலாம். சாயங்காலம் அந்தம்மா வருவார்.

வியாழக்கிழமை பிரைமர் நன்றாக விழுந்தது. பிறகு வெளியே வெயிலில் உட்கார்ந்து நிறம் கலக்கினேன். பழுப்பில் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் கறுப்பு, ஒரு துளி மஞ்சள். மீட்டர்ச் சட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பது. காய்ந்ததும் பொட்டு தெரிந்தால் இன்னும் கலக்க வேண்டும். பதினோராவது பொட்டு தெரியவில்லை. எட்டு உருப்படிக்குப் போதுமான அளவுதான் கலக்கினேன். எப்போதும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலை மெல்லிசாக மூன்று கை அடித்தேன். எட்டரைக்கு முடிந்தது. கொட்டகையின் உள்மூலையில் பெஞ்சில் வரிசையாக வைத்து, சுற்றிலும் பழைய நூல் சேலையை நனைத்துக் கட்டித் தொங்கவிட்டேன். புழுதி வந்தால் சேலை பிடித்துக்கொள்ளும். லேக்கர் அடிக்கிற வரைக்கும் நிறம் உயிரில்லாமல் இருக்கும். சாணி மெழுகிக் காய்ந்த தரை மாதிரி. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

மத்தியானம் எங்கள் வீட்டுக்காரர் சாமான் வாங்கத் தேனிக்குப் போயிருந்தார். நான் சாப்பிடப் போனேன். வீடு பட்டறைக்குப் பின்னாலேயேதான். இருபது நிமிசம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தால் சேலை விலகியிருந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் என் தையல் ஸ்டூலில் பாய் உட்கார்ந்திருந்தார். தொழுகை முடித்துத் தொப்பியோடு வந்திருக்கிறார். காலடியில் ஒரு பை நிறையத் தேங்காய். எங்களுக்குத்தான். மடியில் பெட்டி மூடி. கையில் பஞ்சு. பக்கத்தில் ஒரு சின்னப் பாட்டில்.

"பாரு தாயி," என்றார். "எப்பிடி மின்னுது பாரு!"

மின்னியது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பஞ்சு நின்றது.

"என்ன தாயி?"

"கீழ வைங்கண்ணே."

வைத்தார்.

"வேற எதத் தொட்டீக?"

"எதையும் தொடல. இது ஒண்ணுதான். இத முடிச்சிட்டு அந்தப் பெருச எடுக்கலாம்னு..."

பெரிசு என்றால் டேஷ்போர்டின் மேல்பாகம். நான் பாட்டிலை எடுத்து மூடி, தையல் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினேன். பஞ்சையும் வாங்கிக்கொண்டேன். மீதி ஏழையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சேலையை இழுத்துக் கட்டினேன்.

பாய் எழுந்து நின்றார்.

"வறண்டு கெடந்துச்சு தாயி. பாக்கப் பாவமா இருந்துச்சு. வெள்ளிக்கெழம வேற. கை தானாப் போயிருச்சு."

"தொட மாட்டேன்னீக."

"வண்டியத்தான் தொடக் கூடாதுன்னு நெனச்சேன். இது தனியாத்தான இருந்துச்சு."

டீ சொன்னேன். குடித்தார்.

"இத மட்டும் மறுபடி அடிக்க முடியாதா?"

"முடியும். நாளைக்குள்ள முடியாது."

எண்ணெய் எடுக்க ஒரு நாள், பிரைமருக்கு ஒரு காலை, நிறத்துக்கு ஒரு காலை, லேக்கருக்கு ஒரு காலை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு காலை. அது மற்ற ஏழுக்கும் வேண்டும். கலக்கின கிண்ணத்தில் நிறமும் தீர்ந்துவிட்டது. விரலால் வழித்தால் ஒரு கைப்பிடிக்குக்கூட வராது.

அதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நாய்தானா?"

"பாப்போம்ணே."

"தாயி, அவகிட்ட நான்தான்னு சொல்லிராத."

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு மூடியைத் தூக்கிப் பார்த்தார். புதுசாக அடித்த நிறத்துக்குள் எண்ணெய் ஊறித் திட்டுத் திட்டாக இருந்தது. நகத்தால் கீறினேன். தக்காளித் தோல் மாதிரி உரிந்து வந்தது.

"இப்பிடியே மாட்டிவிட்ருவமா? அண்ணன் சொன்ன மாதிரி மின்னத்தான செய்யுது."

"அந்தம்மா கை முதல்ல அங்கனதான் போகும்."

"அதுவுஞ் சரிதான்."

இரவு தூங்கிவிட்டேன். கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை ஐந்தரைக்கே கம்ப்ரசரை ஓடவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் பளபளக்கிற லேக்கரை எடுத்து வந்து வைத்தார். மங்கல் லேக்கர் போதும் என்றேன்.

"ஏன் புள்ள? மதினிக்கு மின்னுனாப் புடிக்கும். மூடி போனதுக்கு அதாவது இருக்கட்டும்."

"கட்டப்பனைக்கு மலை ஏறணும். கண்ணாடில அடிக்கும்."

டேஷ்போர்டு பளபளத்தால் வெயிலில் முன்கண்ணாடியில் அதன் நிழல் விழும். ரோட்டுக்கு மேல் டேஷ்போர்டு தெரியும். சமவெளியில் சமாளிக்கலாம். கம்பம்மெட்டு ஏறுகிற ரோட்டில் வளைவுக்கு வளைவு வெயில் பக்கம் மாறும். எதிரே ஜீப் வரும். கேரளா ஜீப்புக்காரர்கள் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு எப்படி வருவார்கள் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அவர் மங்கல் லேக்கரை எடுத்து வந்தார்.

அன்றைக்குப் பார்த்துக் காற்று சீக்கிரம் வந்தது. ஏழே காலுக்குத் தகரம் ஒரு தட்டுத் தட்டியது. ஆறு முடித்திருந்தேன். பெரிசு பாக்கி. எங்கள் வீட்டுக்காரர் கட்டில் போர்வை ஒன்றை எடுத்து வந்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, காற்று வருகிற பக்கம் சுவர் மாதிரி நின்றார். நான் அடித்து முடிக்கிற வரைக்கும் நின்றார். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் புழுதி உள்ளே போகும். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்று மணிக்கு ஏழையும் மாட்டி முடித்தேன். வண்டிக்குள் உட்கார்ந்தால் வேறு வண்டி மாதிரி இருந்தது. எதிரே மூடி இல்லாத பெட்டி மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

பாய் நான்கு மணிக்கே வந்துவிட்டார். பஸ்ஸில் வந்திருக்கிறார். உள்ளே உட்கார்ந்து பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். டேஷ்போர்டுப் பக்கம் கை போனது. பாதியில் இழுத்துக்கொண்டார். இறங்கி வந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஐந்து மணிக்கு ஆட்டோ வந்தது. அந்தம்மா இறங்கினார். துவைத்து நீலம் போட்ட துப்பட்டி. வெயிலில் கண் கூசியது. நேராகக் காருக்குப் போய்க் கதவைத் திறந்தார். துப்பட்டி ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு கதவுக் கைப்பிடியைத் தேய்த்தார். துணியைப் பார்த்தார். உட்கார்ந்தார். டேஷ்போர்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு இழுப்பு. பார்த்தார். என்னிடம் தண்ணீர் கேட்டார். செம்பில் கொடுத்தேன். வேறு ஓரத்தை நனைத்து அழுத்தித் தேய்த்தார். நான் உப்புத்தாள் தேய்த்ததைவிட அழுத்தி. பிழிந்தார். சொட்டிய தண்ணீரும் வெள்ளையாக இருந்தது.

பாய் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"காப்பிக் கலருதான்," என்றார் அந்தம்மா. "நான் சொன்னேன்ல."

பிறகு முன்னால் குனிந்தார்.

"இதென்ன ஓட்ட? இங்கன ஒரு மூடி இருக்குமே."

பாய் ரோட்டைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அது ஒண்ணுமில்ல மதினி, உள்ள ஒரு கிளிப்பு..."

ஞாயிற்றுக்கிழமை காலை மலை மேல் போகிறவரிடம் பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பாய் முகத்தையும் பார்க்க முடியவில்லை. செம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நேத்து அண்ணன் எண்ணெ போட்டுட்டாக மதினி."

அந்தம்மா மெதுவாகப் பாய் பக்கம் திரும்பினார்.

"எம்புட்டு?"

"ரெண்டு சொட்டு," என்றார் பாய்.

"எம்புட்டு?"

"அரைப் பாட்டிலு."

"யாரு கேட்டா உங்கள?"

"யாரும் கேக்கல." பாய் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "நீ நாளைக்கு ஏறணுமேன்னு நெனச்சேன். அழகா இருக்கட்டுமேன்னு. வேற எனக்கு என்ன தெரியும்? எண்ணெதான் தெரியும்."

அந்தம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஆறு நாள் வேலை அந்தப் பார்வையில் தொங்கியது. பாய்க்கு அதைவிட அதிகம். முதலில் அந்தம்மாவின் தோள் குலுங்கியது. பிறகு துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் சிரிப்புச் சத்தம் வந்தது. ஆட்டோக்காரர் பயந்து எட்டிப் பார்த்தார்.

"கட்டுன அன்னைல இருந்து இப்பிடித்தான் தங்கச்சி. பிள்ளைக்கு மொட்ட போட்டாலும் எண்ணெ. சைக்கிளு கீச்சுன்னாலும் எண்ணெ. ஒரு தடவ எனக்குக் காது வலின்னேன். அதுக்கும்." மூச்சு வாங்கினார். "ஆட்டோக்காரத் தம்பி, நீ போப்பா. நான் இதுல வாரேன்."

கைப்பையைத் தூக்கி மூடியில்லாத பெட்டிக்குள் வைத்தார். சரியாகப் பொருந்தியது. கதவைச் சாத்திக்கொண்டு கையை ஜன்னல் ஓரத்தில் வைத்தார்.

"கோம்பைக்காரருக்குப் போன் போடுங்க. நாயெல்லாம் பஸ்ல போகட்டும்னு சொல்லுங்க."

பாய் ஏறிச் சாவியைப் போட்டார். புறப்படும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் கொண்டுவந்த தேங்காயில் அன்றைக்கு இரவு சட்னி அரைத்தேன். நல்ல காய்.

அடுத்த வாரம் மூடியைச் செய்தேன். மறுபடி சீயக்காய், மறுபடி பொட்டு. இந்த முறை பதினான்கு ஆனது. போன் போட்டேன். அந்தம்மாதான் எடுத்தார். கட்டப்பனை போய் வந்த கதையைச் சொன்னார். வீட்டைவிட வண்டியைத்தான் எல்லாரும் பார்த்தார்களாம். ஒருத்தி கையை வைத்துத் தேய்த்தே பார்த்தாளாம்.

"மூடி ரெடி மதினி. அண்ணன வரச் சொல்லுங்க."

"மூடி எதுக்குத் தங்கச்சி? தொறந்து கெடந்தாத்தான் தோது. தண்ணிப் பாட்டில வச்சுக்குறேன், முறுக்கு டப்பாவ வச்சுக்குறேன். பாதி மலைல கை நீட்டுனா வருது."

"அசிங்கமா இருக்காதா?"

"இருக்கட்டும். அந்த மனுசனுக்கு எண்ணெ தடவ ஒரு எடம் கொறயுதுல்ல."

பின்னாலிருந்து பாய் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அந்தம்மா அவருக்குப் பதில் சொல்லப் போனார். போன் அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரம் அவர்கள் சண்டையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மூடி பட்டறையில்தான் இருக்கிறது. கவிழ்த்துப் போட்டால் குழிவாக இருக்கும். கழற்றுகிற திருகுகளை உருளாமல் போட்டு வைக்க வசதியாக இருக்கிறது.